மரமஞ்சளும் பெர்பெரினும்: மூலிகைகளிற் பற்றீரியா எதிர்ப்புச் சேர்வைகளை இனங்காணல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மூலிகைகள் பற்றி நம்மிடையே நிலவும் கருத்துகள் பெரும்பாலும் இரு துருவங்களில் நிற்கக் காண்கிறோம். நோய்க்கிருமிகள் பற்றியும் அவற்றைக் கொல்லும் பொருள்கள் பற்றியும் நம் முன்னோர் யாவற்றையும் அறிந்திருந்தனர் என்பது ஒரு சாரார் கூற்று. நாட்டு வைத்தியம் என்பது அறியாமைக் காலத்தின் எச்சம், அதில் ஆராய்வதற்கு எதுவுமில்லை என்பது மறு சாரார் கூற்று. ஒன்றுக்கொன்று முரணானவைபோற் தோன்றினும், இவ்விரு கூற்றுகளும் ஒரு வகையில் ஒத்தவையே. இரண்டும் வரலாற்றைத் தவிர்க்கின்றன. ஒரு தாவரத்திற் பற்றீரியாவை எதிர்க்கும் சேர்வை உண்டு என்பதை மனிதர் எக்காலத்தில், எக்கருவிகளைக் கொண்டு, எத்தேவைகளின் உந்துதலால் நிறுவினர் என்ற வினாவை இரு சாராரும் எழுப்புவதில்லை.

அவ்வினாவை ஒரேயொரு தாவரத்தை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழில் மரமஞ்சள் என்றும் சிங்களத்தில் வெனிவெல் அல்லது வெனிவெல்கெட்ட என்றும் வழங்கும் கொடி இலங்கையின் ஈரவலயக் காடுகளுக்கும் தென்னிந்திய மலைக்காடுகளுக்கும் உரியது. இலங்கையின் இரு மொழி பேசுவோரும் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் வயிற்றுக் குழப்பத்துக்கும் இதன் தண்டைப் பயன்படுத்தி வந்துள்ளனர். மல்லி, இஞ்சி முதலியவற்றுடன் சேர்ந்து பஸ்பங்குவக் குடிநீர்ப் பொதிகளிலும் இது இடம்பெறுகிறது. இதன் மஞ்சள் நிறத்துக்கும் கைப்புக்கும் முதன்மைக் காரணமாகிய பெர்பெரின் என்னும் அல்க்கலொயிட்டு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக இரசாயனவியலாளரின் ஆய்வுக்குட்பட்டு வந்திருக்கிறது. ஆயினும் அது பற்றீரியாவை எவ்வாறு எதிர்க்கிறது என்பதன் முக்கியமானதொரு பகுதி 2000ஆம் ஆண்டிலேயே தெளிவாயிற்று. இத்தாமதம் ஏன் நேர்ந்தது என்பதை நோக்குமிடத்து, தாவரத்திடம் நாம் எதைக் கேட்டோமோ அதற்கே அது விடை தந்தது என்பது புலனாகும்.

பெயர்களும் ‘போலி’களும்

மரமஞ்சள் என்ற பெயர் உண்மையில் ஒரு தாவரத்துக்கு மட்டும் உரியதன்று. வடமொழி மருத்துவ நூல்கள் தாருஹரித்ரா எனக் கூறுவது இமயமலைச் சாரலில் வளரும் பெர்பெரிஸ் என்னும் முட்செடியை என்பர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வைத்தியர்கள் அதனிடத்திற் கொசினியம் பெனஸ்ட்ராட்டம் என்று தாவரவியலார் அழைக்கும் கொடியைக் கையாண்டனர். இவை இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒன்று செடி, மற்றது பெருமரங்களிற் படர்ந்தேறும் வன்கொடி. தாவரவியலார் கண்ணுக்கு இம்மாற்றீடு ஒரு பிழையாகவே தோன்றும். ஆனால் இரண்டையும் வெட்டினால் உள்ளே ஒரே மஞ்சள் நிறம். சுவைத்தால் ஒரே கைப்பு. வைத்தியர் நிறத்தையும் சுவையையும் கொண்டு தெரிவு செய்தனர். பிற்கால இரசாயனப் பகுப்பு இரண்டிலும் பெர்பெரின் உண்டெனக் காட்டியபோது, அத்தெரிவு கண்மூடித்தனமானதன்று என்பது நிறுவப்பட்டது. பெர்பெரின் என்ற சொல்லோ மூலக்கூறு என்ற கருத்தோ அவர்களிடம் இருக்கவில்லை. ஆனால் புலன்வழி அவதானிப்பாகிய ஓர் ஒழுங்கான முறை அவர்களிடம் இருந்தது.

ஐரோப்பிய வணிகம் இக்கொடியை வேறொரு கண்ணாற் பார்த்தது. கிழக்காபிரிக்காவின் மொசாம்பிக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற ‘கலம்பா’ வேர், வயிற்றுக் கோளாறுகளுக்கான கைப்பு மருந்தாக அங்கு மதிக்கப்பட்டது. அதன் பெயர் கொழும்பு நகரிலிருந்து வந்ததென்று நெடுங்காலம் நம்பப்பட்டது. உண்மையில் அது அவ்வேரின் ஆபிரிக்கப் பெயரின் திரிபேயாகும். இந்நம்பிக்கை காரணமாக, இலங்கையிலிருந்து மரமஞ்சட் தண்டு இலண்டன் சந்தையைச் சென்றடைந்தபோது அது ‘போலிக் கலம்பா’ எனப்பட்டது. தன் நாட்டிலே தனக்கெனப் பெயரும் பயனும் கொண்டிருந்த ஒரு மருந்து, பிறிதொரு நாட்டின் வணிகப் பட்டியலிற் போலியாயிற்று. ஒரு பொருளின் பெறுமதியை அதைப் பயன்படுத்தும் மக்களன்றி அதை வாங்கும் சந்தையே தீர்மானித்த காலனித்துவ நிலைமைக்கு இது சிறியதோர் உதாரணம்.

தாவரவியல் வரலாறும் இதையொட்டியே அமைந்தது. ஜேர்மானியரான கேர்ட்னர் 1788இல் இதை மெனிஸ்பெர்மம் என்ற பேரினத்துள் அடக்கினார். 1820களின் தொடக்கத்தில், சமஸ்கிருத அறிஞராக நன்கறியப்பட்ட ஹென்றி தோமஸ் கோல்புறூக் இதற்குக் கொசினியம் என்ற தனிப் பேரினப் பெயரை வழங்கினார். சல்லடை என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயர் அது. 1890களில் வெளிவந்த ‘பார்மகோகிராபியா இண்டிகா’ என்னும் பெருநூல் இதன் தமிழ்ப் பெயரையும் பதிந்தது. பிரித்தானிய மருந்து நூலுக்கு இந்தியாவையும் குடியேற்ற நாடுகளையும் கருதி 1900ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட பின்னிணைப்பிலும் கொசினியம் இடம்பெற்றது. எனினும் அங்கு அது பெற்ற இடம் யாது? பசியைத் தூண்டும் கைப்பு மருந்து என்பதே. கொக் கொலராக் கிருமியை இனங்கண்டு பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தும், புண்ணுக்கும் கழிச்சலுக்கும் பயன்பட்டுவந்த ஒரு மருந்தைக் கிருமிகளோடு தொடர்புபடுத்தி நோக்கும் எண்ணம் அம்மருந்து நூலில் இல்லை.

மஞ்சட் படிகம்

19ஆம் நூற்றாண்டின் முதற் பாதி அல்க்கலொயிட்டுகளின் காலம். அபினிலிருந்து மோர்பின், எட்டியினத்திலிருந்து ஸ்ட்ரிக்னின், சிங்கோனாப் பட்டையிலிருந்து 1820இல் குவினைன் என ஒன்றன்பின் ஒன்றாகத் தாவரங்களின் வீரியப் பொருள்கள் தூய படிகங்களாகப் பிரித்தெடுக்கப்பட்டன. மருந்து என்பது ஒரு தாவரம் என்ற நிலை மாறி, மருந்து என்பது ஒரு சேர்வை என்ற கருத்து வேரூன்றியது இக்காலத்திலேயே. இம்மாற்றம் அறிவுத்துறையில் மட்டும் நிகழ்ந்த ஒன்றன்று. நிறுக்கவும் தரப்படுத்தவும் கப்பலேற்றவும் கூடிய தூய பொருள் வளர்ந்துவந்த மருந்துக் கைத்தொழிலுக்கு வேண்டியிருந்தது. வெப்பவலய நாடுகளில் நிலைகொண்ட படைகளுக்குக் குவினைன் எவ்வளவு இன்றியமையாததாயிருந்தது என்பது வரலாறறிந்தோர் அறிந்ததே.

1826இல் பிரான்சைச் சேர்ந்த ஷெவலியேயும் பெல்தானும் அமெரிக்க மரமொன்றின் பட்டையிலிருந்து மஞ்சட் நிறக் கைப்புப் பொருளொன்றைப் பெற்றனர். 1830களில் ஜேர்மனியில் புக்னரும் ஹெர்பெர்கரும் பெர்பெரிஸ் வேரிலிருந்து பெற்ற பொருளுக்குப் பெர்பெரின் எனப் பெயரிட்டனர். இவை இரண்டும் ஒன்றே என்பது பின்னர் உறுதியாயிற்று. 1852இல் ஆங்கிலேயரான பெரின்ஸ், இலங்கையிலிருந்து சென்ற மரமஞ்சட் தண்டிலும் பெர்பெரின் இருப்பதாக அறிவித்தார். ‘போலி’ எனப்பட்ட தண்டு பெர்பெரினின் வளமான மூலங்களுள் ஒன்றென இனங்காணப்பட்டது. ‘மெய்’யான ஆபிரிக்கக் கலம்பாவிலும் பெர்பெரின் உண்டென்று அப்போது கருதப்பட்டது. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகள், அவ்வேரில் இருப்பவை பெர்பெரினுக்கு நெருங்கிய உறவுடைய பல்மற்றின் முதலான பிற அல்க்கலொயிட்டுகளே என்று காட்டின.

பெர்பெரினைப் பிரித்தெடுக்கும் முறை எளியது. தண்டைக் கொதிநீரிற் காய்ச்சி, வடித்து, வற்றச்செய்து, ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்துக் குளிரவிட்டால் பெர்பெரின் குளோரைட்டு ஊசி போன்ற மஞ்சட் படிகங்களாக வீழ்படியும். கொதிநீரில் நன்கு கரையும் இதன் உப்புகள் குளிர்ந்த அமிலக் கரைசலிற் குறைவாகவே கரையும் என்பதே இம்முறையின் அடிப்படை. எட்டுப் பங்கு நீரை ஒரு பங்காக வற்றக் காய்ச்சும் நம் குடிநீர் முறை இதன் முதற் கட்டத்தை ஒத்திருப்பது மனங்கொள்ளத்தக்கது. வைத்தியர் செய்த குடிநீரில் பெர்பெரின் இருந்தது. அதனோடு தண்டின் ஏனைய பொருள்களும் இருந்தன. இரசாயனவியலாளர் படிகத்தை எடுத்துக்கொண்டு எஞ்சிய நீரைக் கொட்டினர். அக்கொட்டிய நீரிற் போனது என்ன என்ற வினா எழுவதற்கு நெடுங்காலம் சென்றது.

1910இல் பேர்க்கின், றொபின்சன் ஆகியோர் பெர்பெரினின் மூலக்கூற்றமைப்பைத் தீர்மானித்தனர். அடுத்த ஆண்டிலேயே பிக்தேயும் காம்ஸும் அதைச் செயற்கையாகத் தொகுத்தனர். அமைப்பு முழுவதும் அறியப்பட்டாயிற்று. ஆனால் அது உயிர்க்கலத்திற் செய்யும் வேலை அறியப்படவில்லை. ஒரு பொருளைப் பெயரிடுவதும் அதன் கட்டமைப்பை வரைவதும் அதை அறிந்துகொண்டதாகிவிடா என்பதற்குப் பெர்பெரின் நல்லதொரு சான்று.

இங்கு யாழ்ப்பாணத்தின் பங்கு ஒன்றையும் குறிப்பிடுதல் பொருத்தமாகும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயை மையமாகக் கொண்டு மேலை மருத்துவத்தைக் கற்பித்ததோடு, அக்கல்வியைத் தமிழிலேயே நிகழ்த்தினார். அவர்தம் முயற்சியால் வெளிவந்த நூல்களுள் ‘இரண வைத்தியம்’ 1867இலும், இரசாயனவியல் நூலாகிய ‘கெமிஸ்தம்’ 1875இலும் அச்சேறின. எனவே, நவீன இரசாயனவியலைத் தமிழில் எடுத்துரைக்கும் வாய்ப்பு அக்காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் உருவாகிவிட்டது. மறுபுறம் செகராசசேகரம், பரராசசேகரம் எனும் பெயர்களால் வழங்கும் மருத்துவ நூல்களின் மரபும் அதே மண்ணில் உயிரோடிருந்தது. ஒரு மொழியில், ஒரு குடாநாட்டில் இரு அறிவு மரபுகளும் அருகருகே இருந்தும், ஒன்றன் கருவியால் மற்றதன் சரக்கைச் சோதிக்கும் ஆய்வுநிலையம் தோன்றவில்லை. மிசன் கல்வியின் நோக்கம் மேலை மருத்துவத்தைப் பரப்புவது. மரபு வைத்தியரின் நோக்கம் தம் பரம்பரையைக் காப்பது. இவ்விரண்டையும் இணைக்கும் பொதுநிறுவனம் காலனித்துவ ஆட்சியின் தேவைகளுள் ஒன்றாயிருக்கவில்லை.

பெனிசிலினின் அளவுகோல்

பற்றீரியா எதிர்ப்புச் சேர்வைகளைத் தாவரங்களில் முறையாகத் தேடும் முயற்சி, இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் பெனிசிலினின் வெற்றியை அடுத்தே தொடங்கியது. 1940இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் புளோரி, செயின், ஹீற்லி முதலியோர் பெனிசிலினின் ஆற்றலை நிறுவினர். அதே ஒக்ஸ்போர்ட்டில் எடித் ஒஸ்போர்ன் என்னும் பெண் ஆய்வாளர் ஏறத்தாழ 2,300 தாவர இனங்களின் சாறுகளைச் சோதித்து 1943இல் முடிவுகளை வெளியிட்டார். ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ், எஸ்கெரிக்கியா கோலி ஆகிய இரு பற்றீரியாக்களே அவருடைய சோதனைக் கிருமிகள். 63 பேரினங்களைச் சேர்ந்த தாவரங்களில் அவற்றுள் ஒன்றையேனும் தடுக்கும் பொருள்கள் இருப்பதை அவர் கண்டார்.

அடுத்த ஆண்டில், அதாவது 1944இல், அமெரிக்காவைச் சேர்ந்த கவலிற்றோவும் பெய்லியும் உள்ளியிலிருந்து அலிசின் என்னும் சேர்வையைப் பிரித்தெடுத்தனர். இதன் வரலாறு பாடமொன்றைத் தருகிறது. முழு உள்ளிப் பல்லில் அலிசின் இல்லை. பல்லை நசுக்கும்போது அதிலுள்ள நொதியம், அலியின் என்னும் மணமற்ற பொருளைத் தாக்கி அலிசினை உண்டாக்குகிறது. வெப்பத்தில் நொதியம் அழிந்துவிடுமாதலால், முதலிலே கொதிநீரிலிட்ட உள்ளியைச் சோதிப்பவர் எதையும் காணார்; நசுக்கிய உடனே சோதிப்பவர் வீரியமிக்க பொருளொன்றைக் காண்பார். மரமஞ்சளுக்குக் காய்ச்சுதலும் உள்ளிக்கு நசுக்குதலும் வழிகாட்டுகின்றன. தாவரத்தை மருந்தாக்கும் முறையும் சோதனையின் ஒரு பகுதியே என்பது இதனாற் பெறப்படும்.

அக்காலத்திற் பரவலாகிய சோதனை முறை வருமாறு: ஏகார்க் கூழ் பரப்பிய தட்டிற் பற்றீரியாவை விதைத்து, அதன்மேற் சிறு கிண்ணத்திலோ கடதாசி வட்டத்திலோ சாற்றை வைப்பர். சாறு கூழில் ஊறிப் பரவும். தடுக்கும் பொருள் இருப்பின், சுற்றிலும் பற்றீரியா வளராத தெளிந்த வட்டம் தோன்றும். வட்டம் பெரிதாயின் மருந்து வலிது என்பது கணிப்பு. நீரில் எளிதாகக் கரைந்து விரைவாகப் பரவும் பெனிசிலினுக்கு இம்முறை மிகப் பொருத்தமானது. ஆனால் தாவரச் சேர்வைகள் பல நீரில் அரிதாகவே கரைவன. வேறு சில, பெர்பெரின் போல, நேர்மின்னேற்றம் உடையன. எதிர்மின்னேற்றமுடைய கூறுகளைக் கொண்ட ஏகாரில் அத்தகைய மூலக்கூறுகள் தயங்கியே பரவும். வட்டம் சிறிதாயிருப்பது மருந்தின் வலியின்மையால் மட்டும் நேர்வதன்று. அளவுகோலின் இயல்பாலும் நேரலாம்.

பெயரிடுதலிலும் இதே நிலைமை தோன்றியது. 1940களில் வக்ஸ்மன் ‘அன்ரிபயோற்றிக்’ என்ற சொல்லை வரையறுத்தபோது, நுண்ணுயிர்கள் உண்டாக்கி ஏனைய நுண்ணுயிர்களைத் தடுக்கும் பொருள் என்றே அதைக் கொண்டார். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களைத் தேடிய அவரது ஆய்வுக்கு அவ்வரையறை பொருந்தியது; ஸ்ரெப்ரோமைசினும் அவ்வழியே கிடைத்தது. ஆனால் அவ்வரையறையிற் தாவரங்களுக்கு இடமில்லாது போயிற்று. மருந்துக் கைத்தொழில் பெருந்தொட்டிகளிற் பூஞ்சணத்தை வளர்க்கும் வழியிற் சென்றது. காட்டிலிருந்து வரும், பருவத்துக்குப் பருவம் வேறுபடும், பெரிதாகக் காப்புரிமை பெறமுடியாத தாவரங்கள் அவ்வழியிற் பின்தள்ளப்பட்டன.

இச்சூழலிலேயே பெர்பெரின் பற்றிய நுண்ணுயிரியல் ஆய்வுகள் நடைபெற்றன. 1927இலேயே இந்தியாவில் வர்மா என்பவர் பெர்பெரின் சல்பேற்றைத் தோற் புண்ணாகிய ‘கீழைப் புண்’ணுக்குப் பயன்படுத்தினார், ஆனால் அந்நோய்க்குக் காரணம் பற்றீரியா அன்று, ஒரு புரோற்றோசோவன். 1969இல் அமீன், சுப்பையா, அப்பாசி ஆகியோர் பெர்பெரின் சல்பேற்றின் பற்றீரியா எதிர்ப்பை விரிவாக அளந்தனர். ஒரு மில்லிலீற்றருக்கு 35 மைக்குரோகிராம் அளவிற் கொலரா விப்ரியோவை அது கொன்றது. 50 மைக்குரோகிராம் அளவில் ஸ்டபிலோகொக்கஸின் வளர்ச்சியைத் தடுத்தது. பெனிசிலினுக்கு இசைந்த ஸ்டபிலோகொக்கஸைத் தடுக்க இதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு பெனிசிலினே போதும். இவ்வொப்பீட்டின் முன் பெர்பெரின் ஒரு வலிகுறைந்த பொருளாகவே தோன்றியது. தாவரச் சேர்வைகள் பலவற்றின் மீதும் எழுதப்பட்ட தீர்ப்பு இதுவே: ‘செயற்பாடு உண்டு, ஆயின் பயன்படுமளவுக்கு இல்லை.’

மருத்துவமனையிற் கிடைத்த விடை

ஆய்வுக்கூடத் தீர்ப்பு அவ்வாறிருக்க, கழிச்சல் நோயாளரிடம் பெர்பெரினைச் சோதிக்கும் ஆய்வுகள் இந்தியாவில் 1960களிலே நடந்தன. இவற்றுள் நன்கு திட்டமிட்டு நடத்தப்பட்டது, 1987இல் ரப்பானி முதலியோர் வங்காளதேசத்திலிருந்து வெளியிட்ட ஆய்வாகும். வயதுவந்த 165 நோயாளர் அதிற் பங்குபற்றினர். குடல்நஞ்சு சுரக்கும் எஸ்கெரிக்கியா கோலியினாற் கழிச்சலுற்றோரில், பெர்பெரின் பெற்றவர்களுள் 42 வீதத்தினருக்கு 24 மணித்தியாலத்துள் கழிச்சல் நின்றது. பெறாதவர்களில் இது 20 வீதமே. கொலரா நோயாளரில் இத்தகைய தெளிவான பயன் காணப்படவில்லை.

இம்முடிவை விளங்கிக்கொள்வதற்கு 1982இல் சாக், புரோலிக் ஆகியோர் விலங்குகளிற் செய்த ஆய்வு உதவுகிறது. பற்றீரியாவின் நஞ்சு தூண்டுவதால் குடலிற் சுரக்கும் நீரைப் பெர்பெரின் குறைப்பதாக அவர்கள் கண்டனர். எனவே இம்மருந்தின் பயனைக் கிருமியைக் கொல்வதில் மட்டும் தேடுதல் போதாது. நஞ்சுக்கு உடல் காட்டும் விளைவைத் தணிப்பதும் அதன் செயலே. உண்ணும் பெர்பெரின் குருதியிற் சேர்வது மிகச் சிறிதளவே. பெரும்பகுதி குடலிலேயே தங்கும். குருதித் தொற்றுக்கு இது குறை. குடல் நோய்க்கு இதுவே நிறை. வைத்தியர் இதை வயிற்றுக்குக் கொடுத்ததன் பொருத்தம் இதனாற் புலனாகிறது. தீங்கற்றது என்ற எண்ணமும் இங்கு திருத்தப்படல் வேண்டும். பெர்பெரின், குருதிப் புரதத்தோடு பிணைந்துள்ள பிலிரூபினை விடுவிக்கவல்லது. ஆகையாற் புதிதாய்ப் பிறந்த, மஞ்சட்காமாலையுற்ற குழந்தைகளுக்கு அது ஆபத்தானது. மரபு என்ற காரணத்தால் எந்த மருந்தும் சோதனைக்கு அப்பாற்பட்டதாகிவிடாது.

கொட்டிய நீரில் இருந்தது

2000ஆம் ஆண்டில் ஸ்ரேர்மிற்ஸ், லூயிஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் கேள்வியையே மாற்றியது. அமெரிக்கக் கண்டத்தின் பெர்பெரிஸ் இனங்களை அவர்கள் ஆராய்ந்தனர். பெர்பெரின் ஸ்டபிலோகொக்கஸ் கலத்தினுள் எளிதிற் புகுகிறது. ஆனால் அக்கலத்தின் மென்சவ்வில் நோர்-ஏ என்னும் புரதப் பம்பி ஒன்று உண்டு. உட்புகும் அந்நியப் பொருளை அது உடனே வெளியேற்றிவிடும். உள்ளே தேங்காத பெர்பெரின் தன் வேலையைச் செய்ய முடிவதில்லை. வலிகுறைந்த பொருள் என்று முன்னர் அளக்கப்பட்டதில் இப்பம்பியின் திறனும் சேர்ந்தே அளக்கப்பட்டிருந்தது.

அதே தாவரத்தில் 5'-மெதொக்சிஹிட்னோகார்பின் என்னும் மற்றொரு சேர்வை சிறிதளவில் இருந்தது. இது தனித்து நின்று எந்தப் பற்றீரியாவையும் தடுப்பதில்லை. சாற்றைக் கூறுகூறாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தட்டில் வைத்துச் சோதிக்கும் வழக்கமான முறையில், இச்சேர்வை அடங்கிய கூறு ‘செயலற்றது’ எனக் குறிக்கப்பட்டு வீசப்படும். ஆனால் அது நோர்-ஏ பம்பியை அடைத்துவிடுகிறது. பம்பி அடைபட்டதும் பெர்பெரின் கலத்தினுள் தேங்கி, மிகக் குறைந்த அளவிலேயே ஸ்டபிலோகொக்கஸைத் தடுக்கிறது. ஒன்று தாக்கும் கை, மற்றது கதவை அடைக்கும் கை. 2002இல் தேகோஸும் இதே குழுவினரும் வேறு பல தாவரச் சேர்வைகளைச் சோதித்து, பம்பிகள் முடக்கப்பட்டபோது அவற்றின் வீரியம் பன்மடங்காவதைக் காட்டினர். தாவரங்கள் வலிகுறைந்த பொருள்களையே உண்டாக்குகின்றன என்ற அரைநூற்றாண்டுத் தீர்ப்பு இதனால் மறுபரிசீலனைக்குரியதாயிற்று.

மேற்படி துணைச் சேர்வை முன்னர் அறியப்பட்டிருந்தது எங்கே என்பதும் ஈண்டுக் குறிப்பிடற்பாலது. தொழுநோய்க்குச் சித்த வைத்தியர் பயன்படுத்திய நீரடிமுத்து எண்ணெயின் சிறுகூறுகளுள் ஒன்றாகவே அது முன்பு பதியப்பட்டிருந்தது. தொழுநோய்க்கு 1940களிற் சல்போன் மருந்துகள் வரும்வரை உலகெங்கும் கையாளப்பட்டது இவ்வின மரங்களின் எண்ணெயே. அதன் கொழுப்பமிலங்களை ஊசிமூலம் ஏற்றத்தக்க வடிவுக்கு மாற்றியவர், ஹவாயிற் பணியாற்றிய அலிஸ் போல் என்னும் கறுப்பினப் பெண் இரசாயனவியலாளர். அவர் 1916இல் 24 வயதில் இறந்தார். அம்முறை பின்னர் அவர் கல்லூரித் தலைவரான டீனின் பெயராற் பல்லாண்டுகள் வழங்கப்பட்டது. காட்டிற் கொட்டை பொறுக்கியோர், எண்ணெய் வடித்தோர், அதன் பயனைத் தலைமுறைகளாகச் சோதித்தறிந்தோர் ஆகியோரின் பெயர்களோ எந்த ஏட்டிலும் இல்லை. சேர்வையின் பெயர் வரலாற்றில் நிற்க, உழைத்தோர் பெயர் அதனின்று நீங்கிவிடுகிறது.

இலங்கையின் ஆய்வும் காடும்

சுதந்திரத்தின் பின் இலங்கையிலும் இத்துறை வளர்ந்தது. 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் சுதேச வைத்தியத்துக்கு அரச அங்கீகாரமும் ஆராய்ச்சி அமைப்பும் அளித்தது. பேராதனைப் பல்கலைக்கழக இரசாயனவியற் துறையிற் பேராசிரியர் சுல்தான்பாவாவும் அவருடன் பணியாற்றியோரும் ஈரவலய மரங்களின் சேர்வைகளை முறையாக ஆராய்ந்தனர். ஹல் மரத்திலிருந்து கொப்பலிபெரோலையும், 1987இல் இலங்கைக்கேயுரிய ஷோரியா டிஸ்ரிக்கா என்னும் மரத்திலிருந்து டிஸ்ரிக்கோல் என்ற பற்றீரியா எதிர்ப்புப் பொலிபீனோலையும் அவர்கள் அறிமுகஞ்செய்தனர். ஆய்வுக்கு வேண்டிய நுண்கருவிகள் அரிதாயிருந்த நாட்டில், அமைப்பைத் தீர்மானிப்பதில் பிறநாட்டு ஆய்வாளரோடு இணைந்து இச்சாதனை நிகழ்ந்தது பெருமைக்குரியது.

ஆனால் இச்சேர்வைகள் வாழும் காட்டின் நிலையையும் நோக்கல் வேண்டும். 1972 முதல் 1977 வரை சிங்கராஜக் காட்டில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரங்கொண்டு மரம் தறிக்கப்பட்டது. மக்களின் எதிர்ப்பினாலேயே அது நிறுத்தப்பட்டது. ஆய்வுக்கூடங்களில் மரப்பட்டைகளின் சேர்வைகள் இனங்காணப்பட்ட அதே தலைமுறையிற்றான் அம்மரங்கள் பலகையாகவும் கணிக்கப்பட்டன. மரமஞ்சளின் நிலை இதினும் இக்கட்டானது. இலை பறித்தோ கனி கொய்தோ பெறும் மருந்தன்று அது, தண்டே மருந்து. தண்டை வெட்டக் கொடி மாள்கிறது. ஆண் கொடியும் பெண் கொடியும் வேறுவேறாக வளர்வதால், ஒன்று அழியின் மற்றது தனித்து விதை தராது. வெட்டும் பருமனை அடையப் பல ஆண்டுகள் செல்லும். காட்டோரக் கிராமத்தின் ஏழைக் கூலியாள் வெட்டிச் சுமக்கும் தண்டுக்குக் கிடைப்பது சிறு தொகை. அது பொதியிடப்பட்டும் சாறாக்கப்பட்டும் விற்கப்படுமிடத்து இலாபம் வேறிடத்திற் சேர்கிறது. உயிரினப் பல்வகைமை உடன்படிக்கையை இலங்கை 1994இல் ஏற்றுக்கொண்டது. மரபுரிமைப் பயனில் மக்களுக்குப் பங்குண்டு என்ற அவ்வுடன்படிக்கையின் கொள்கை, இக்கூலியாளின் கையை எட்டுகிறதா என்பதைக் கொண்டே மதிப்பிடப்படல் வேண்டும்.

முடிவுரை

பற்றீரியாக்கள் மருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் பெறுதல் இன்று மனிதகுலத்தின் பெரும் பிரச்சினைகளுள் ஒன்றாகும். 2019இல் மட்டும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இத்தகைய தொற்றுகளால் நேரடியாக இறந்தனர் என 2022இல் வெளியான உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டது. அவ்வெதிர்ப்புத்திறனின் வழிகளுள் ஒன்று, பெர்பெரினை வெளியேற்றிய அதே வகைப் பம்பிகளாகும். ஆதலால், தாவரங்கள் கொன்றழிக்கும் பொருளை மட்டுமன்றி, துணைநிற்கும் பொருளையும் தருகின்றன என்ற அறிவு வெறும் வரலாற்றுச் சுவைக்குரியதன்று.

மரமஞ்சளின் வரலாறு மூன்று விடயங்களை வற்புறுத்துகிறது. முதலாவது, முழுச் சாற்றையும் அதன் கூறுகளையும் தூய சேர்வையையும் ஒருங்கே சோதித்தல் வேண்டும். ‘செயலற்ற’ கூறுகள் ஏனையவற்றுடன் சேர்த்து மீண்டும் சோதிக்கப்படல் வேண்டும். வட அமெரிக்கப் பெர்பெரிசிடம் கேட்கப்பட்ட வினா நமது கொசினியத்திடமும் கேட்கப்படல் வேண்டும். இரண்டாவது, வைத்தியரின் செய்முறை குறிப்பேடாகப் பதியப்படல் வேண்டும். எப்பகுதி, எப்பருவம், எவ்வளவு நீர், எவ்வளவு நேரம், எச்சரக்குகளுடன் என்பன ஆய்வுத் தரவுகளேயாம். சோதித்த தாவரத்தின் உலர் மாதிரி பேணப்படாவிடின், மரமஞ்சள் என்ற ஒரே பெயர் இரு தாவரங்களைக் குறிக்கும் நிலையில் எந்த முடிவும் உறுதியாகாது. மூன்றாவது, கொடி அழியாது நாற்றுமேடைகளில் வளர்க்கப்படல் வேண்டும். அதன் முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படல் வேண்டும். 1875இற் கெமிஸ்தத்தைத் தமிழிற் தந்த ஒரு சமுதாயத்துக்கு இது இயலாததன்று.

முன்னோர் பற்றீரியாவை அறிந்திருக்கவில்லை. அதைச் சொல்வதில் இழுக்கில்லை. அவர்கள் நோயாளியை அறிந்திருந்தனர். நிறத்தையும் கைப்பையும் கொண்டு கொடியைத் தெரிந்தெடுத்தனர். அதை முழுமையாகக் காய்ச்சிக் கொடுத்தனர். இரசாயனவியல் படிகத்தைத் தந்தது. நுண்ணுயிரியல் கிருமியைக் காட்டியது. ஒவ்வொன்றும் தனித்தனியே குறையுடையது. குடிநீர்ச் சட்டியும் ஏகார்த் தட்டும் ஒரே மேசைக்கு வரும்போதுதான், 1852இல் இலங்கைத் தண்டிலிருந்து எடுக்கப்பட்ட அம்மஞ்சட் படிகத்தின் வரலாறு அடுத்த கட்டத்தை எய்தும்.